இடிஎஃப்பில் ஷார்ட் செல்லிங், ஷார்ட் இன்ட்ரஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஜனவரியில் வீடியோ கேம் விற்கும் கம்பெனியான கேம்ஸ்டாப்பின் பங்கு ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, அமெரிக்கச் சந்தையில் பணம் போட்டிருக்கும் நம் நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பங்குக்கு அவர்கள் படித்த ஷார்ட் கணக்கை அப்படியே இடிஎஃப்புக்கும் (பல பங்குகளை ஒன்றாக வைத்து, பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) போட்டுப் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பங்கில் 30 சதவீத ஷார்ட் (அதாவது அந்த அளவு கடன் வாங்கி விற்கப்பட்டிருக்கிறது) என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. இடிஎஃப்பில் அதே 30 சதவீதத்துக்கு வேறு பொருள். அதைத் தெரியாமல் பயந்து விற்றவர்களும் உண்டு, ஆசைப்பட்டு வாங்கியவர்களும் உண்டு. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விதிகள், ஃபண்டுகள் எல்லாம் அமெரிக்கச் சந்தையைச் சேர்ந்தவை. இந்தியாவைப் பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

1. கையில இல்லாத ஒண்ணை எப்படி விற்க முடியும்? ஷார்ட் அடிக்கிறதுன்னா என்ன?

பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை நெல் கடன் வாங்கி இன்றைய விலைக்கு விற்றுவிடுகிறீர்கள். அறுவடையில் விலை இறங்கியதும் ஒரு மூட்டை வாங்கித் திருப்பித் தருகிறீர்கள். விலை வித்தியாசம் உங்கள் லாபம். விலை ஏறிவிட்டால், எவ்வளவு ஏறினாலும் அந்த விலைக்கு வாங்கித்தான் கடனை அடைக்க வேண்டும்.

சந்தையில் அந்தக் கடனை ஏற்பாடு செய்து தருபவர் புரோக்கர். வேறொரு வாடிக்கையாளரின் கணக்கிலிருந்தோ, பெரிய நிறுவனங்களிடமிருந்தோ எடுத்துத் தருவார். வாங்கி வைத்திருப்பவருக்கு அதிகபட்ச நஷ்டம் போட்ட பணம் மட்டுமே. ஷார்ட் அடித்தவருக்கு அப்படி ஒரு எல்லையே கிடையாது.

2. இடிஎஃப்பையும் அப்படி விற்கலாமா? பங்குக்கும் அதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

விற்கலாம். 1993 ஜனவரியில் அமெரிக்காவின் முதல் இடிஎஃப்பாக, எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் எஸ்பிஒய் வந்த காலத்திலிருந்தே ஷார்ட் விற்பனையும் கூடவே இருக்கிறது. வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கம்பெனி வெளியிட்ட பங்குகள் இத்தனை என்றால் அது எளிதில் மாறாது. இடிஎஃப் யூனிட்டுகளின் எண்ணிக்கையோ தினமும் கூடும், குறையும்.

இதைச் செய்பவர்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பங்கேற்பாளர்கள்' என்ற பெரிய தரகு நிறுவனங்கள். சுருக்கமாக ஏபி. ஃபண்டில் இருக்க வேண்டிய பங்குகளை அதே விகிதத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஃபண்ட் அவர்களுக்குப் புது யூனிட் தரும். யூனிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பங்குகளைத் தரும். சில்லறையாக நடக்காது, கட்டுக் கட்டாகத்தான் நடக்கும்; எஸ்பிஒய்யில் ஒரு கட்டு 50,000 யூனிட். சந்தை விலை யூனிட்டின் சொத்து மதிப்பை (உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பை) விட ஏறினால் புது யூனிட் உருவாக்கி விற்பதில் ஏபிக்கு லாபம், இறங்கினால் யூனிட்டை வாங்கி மீட்பதில் லாபம். இரண்டு விலையும் ஒட்டி ஓடுவது இதனால்தான்.

இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலேயே பதில் இருக்கிறது.

3. ஷார்ட் போட எவ்வளவு பணம் கையில இருக்கணும்? செலவு என்னென்ன?

மார்ஜின் கணக்கு (புரோக்கரிடம் பிணை வைத்துக் கடன் வாங்கும் கணக்கு) கட்டாயம். 80 டாலர் விலையில் 100 யூனிட் ஷார்ட் விற்றால் 8,000 டாலர் வரும், ஆனால் அதை எடுக்க முடியாது. அமெரிக்க மத்திய வங்கியின் 'ரெகுலேஷன் டி' படி அதன் மேல் இன்னொரு 50 சதவீதம், அதாவது 4,000 டாலர், நீங்கள் வைக்க வேண்டும். கணக்கில் மொத்தம் 12,000.

அதன் பிறகு, ஷார்ட் மதிப்பில் குறைந்தது 30 சதவீதம் உங்கள் சொந்தப் பணமாக எப்போதும் இருக்க வேண்டும். இது குறைந்தபட்ச விதி, புரோக்கர்கள் இதற்கு மேலும் கேட்பார்கள். விலை 100 டாலர் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஷார்ட்டின் மதிப்பு 10,000. 12,000-ல் அது போக உங்கள் சொந்தப் பணம் 2,000. இருக்க வேண்டியது 3,000. மார்ஜின் கால், அதாவது இன்னும் பணம் போடச் சொல்லும் அழைப்பு, வந்துவிடும். உண்மையில் 92 டாலர் 31 சென்ட்டைத் தாண்டும்போதே வந்திருக்கும், அதாவது வெறும் 15 சதவீத ஏற்றத்தில்.

மற்ற செலவுகள் இரண்டு. ஒன்று கடன் கட்டணம். எஸ்பிஒய் போன்ற பெரிய ஃபண்டுகளில் இது மிகக் குறைவு, சிறிய துறை ஃபண்டுகளில் அதிகம். ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால் மேலே சொன்ன 8,000 டாலருக்கு மாதம் ஏறக்குறைய 20 டாலர். விகிதம் தினமும் மாறலாம். அடுத்தது டிவிடெண்ட். டிவிடெண்டுக்குத் தகுதியானவர்களை முடிவு செய்யும் நாளில் ஷார்ட் இருந்தால், அந்தத் தொகை உங்கள் கணக்கிலிருந்து யூனிட் கடன் கொடுத்தவருக்குப் போகும்.

4. ஷார்ட் இன்ட்ரஸ்ட் எண்ணை யார் எண்ணுறாங்க? நான் பார்க்கிறது இன்னைக்கு நிலவரமா?

இன்றைய நிலவரம் இல்லை. ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்பது கடன் வாங்கி விற்கப்பட்டு இன்னும் திருப்பித் தரப்படாத யூனிட்டுகளின் எண்ணிக்கை. புரோக்கர் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் கணக்குகளிலும் சொந்தக் கணக்கிலும் திறந்திருக்கும் ஷார்ட்டுகளை மாதம் இரண்டு முறை ஃபின்ரா என்ற ஒழுங்கமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். மாத நடுவில் ஒரு செட்டில்மெண்ட் நாள் (பணமும் யூனிட்டும் கைமாறிக் கணக்கு முடியும் நாள்), மாதக் கடைசியில் ஒன்று. அந்த எண் பொதுவில் வர ஏழு வேலை நாள் போல ஆகும். அடுத்த எண் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்போம் என்பதால், சில நாட்களில் நாம் பார்ப்பது மூன்று வாரம் பழைய படம்.

தினமும் புதுப்பித்துக் காட்டும் சேவைகள் சில உண்டு. அவை கடன் சந்தைத் தரவை வைத்துப் போடும் மதிப்பீடுகள். பயனுள்ளவைதான், ஆனால் அதிகாரபூர்வ எண் அல்ல.

5. தினசரி 'ஷார்ட் வால்யூம்' 50 பர்சென்ட்னு காட்டுதே. பாதிப் பேர் ஷார்ட் அடிக்கிறாங்களா?

இல்லை. இது நண்பர்கள் அதிகமாகக் குழம்பும் இடம். ஷார்ட் வால்யூம் என்பது அன்று நடந்த விற்பனைகளில் 'ஷார்ட்' என்று குறிக்கப்பட்டவை. ஷார்ட் இன்ட்ரஸ்ட் என்பது இன்னும் அடைக்கப்படாமல் இருக்கும் கடன்.

நீங்கள் போனில் 10 யூனிட் வாங்க ஆர்டர் போடுகிறீர்கள். எதிரில் விற்பவர் பெரும்பாலும் மார்க்கெட் மேக்கர், அதாவது வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை தந்து நிற்கும் நிறுவனம். அவர் கையில் அந்த நொடி யூனிட் இல்லாவிட்டால் அந்த விற்பனை ஷார்ட் என்று பதிவாகும். அடுத்த நிமிடமே வேறொருவரிடம் வாங்கிச் சரிசெய்துவிடுவார். மாலையில் அவரிடம் ஷார்ட் எதுவும் மிச்சம் இருக்காது, ஆனால் வால்யூம் கணக்கில் அது நின்றுவிடும். வாங்குபவர்கள் அதிகமாக இருக்கும் நாளில்கூட இந்தச் சதவீதம் ஏறும். இதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

6. எஸ்பிஒய்ல கோடிக்கணக்கான யூனிட் ஷார்ட்ல இருக்கே. பெரிய ஆளுங்க சந்தை விழும்னு பந்தயம் கட்டுறாங்களா?

சிலர் கட்டுகிறார்கள்தான். ஆனால் பெரும்பகுதி வேறு காரணங்களால் வருகிறது. ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் நல்ல சில்லறை வணிகக் கம்பெனி ஒன்றைக் கண்டுபிடித்து வாங்குகிறது. மொத்தத் துறையும் சரிந்தால் அதுவும் சரியுமே என்ற பயம் இருக்கும். அதனால் அந்தத் துறையின் இடிஎஃப்பான எக்ஸ்ஆர்டியை ஷார்ட் விற்கும். பயோடெக் கம்பெனி வாங்கியவர் பயோடெக் ஃபண்டான எக்ஸ்பிஐயை விற்பார். கம்பெனிக் கடன்பத்திரங்களைக் கையிருப்பில் வைத்திருக்கும் டீலர் கடன்பத்திர ஃபண்டான ஹெச்ஒய்ஜியை விற்பார். எஸ்பிஒய்யில் புட் ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) எழுதி விற்றவர் தன் ரிஸ்கைச் சமன் செய்ய எஸ்பிஒய்யையே ஷார்ட் விற்பார். இவர்களில் யாருக்கும் சந்தை விழ வேண்டும் என்ற ஆசை இல்லை. முதல் ஆள் உண்மையில் நம்பிக்கையோடு வாங்கியவர். அவருடைய வாங்கல் ஒரு பங்கில் மறைந்திருக்கிறது, ஷார்ட் மட்டும் நமக்குத் தெரிகிறது.

அதனால் ஒரு இடிஎஃப்பின் ஷார்ட் இன்ட்ரஸ்ட்டை அது இருக்கும் உயரத்தை வைத்து எடைபோடாதீர்கள். அதே ஃபண்டின் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்ஆர்டி, சிறிய கம்பெனிகளின் ஃபண்டான ஐடபிள்யூஎம் போன்றவற்றில் அது எப்போதுமே உயரமாகத்தான் இருக்கும், அவை ஹெட்ஜ் கருவிகள், அதாவது வேறு முதலீட்டின் ரிஸ்கைக் குறைக்கப் பயன்படுபவை. எப்போதும் தாழ்வாக இருந்த ஒரு ஃபண்டில் திடீரென்று பல மடங்கானால்தான் என்ன நடக்கிறது என்று தேடிப் பார்ப்பேன்.

7. ஷார்ட் 100 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னு போட்டிருக்கான். இருக்கிறதை விட அதிகமா எப்படி விற்க முடியும்? இது மோசடி இல்லையா?

மோசடி இல்லாமலே நடக்கும். ஃபண்ட் வெளியிட்ட யூனிட் மொத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் 'அ' என்பவரிடம். அவரிடமிருந்து கடன் வாங்கி 'ஆ' என்பவர் 'இ'க்கு விற்கிறார். 'இ' காசு கொடுத்து வாங்கியவர், அவருக்கு அது அசல் யூனிட்தான். அவருடைய மார்ஜின் கணக்கிலிருந்து அதே 100 யூனிட்டை 'ஈ' கடன் வாங்கி 'உ'வுக்கு விற்கிறார். இப்போது ஷார்ட் 200. வாங்கி வைத்திருப்பதாக 'அ', 'இ', 'உ' மூவரின் கணக்கிலும் சேர்த்து 300. 300-ல் 200 கழித்தால் 100. கணக்கு நேராக இருக்கிறது. ஒரே யூனிட் பல கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இடிஎஃப்பில் இன்னொரு காரணமும் உண்டு. சதவீதம் போடும்போது கீழே வகுப்பது ஃபண்ட் வெளியிட்ட யூனிட்டுகளின் எண்ணிக்கை. கேள்வி 2-ல் சொன்னபடி அது மாறிக்கொண்டே இருப்பது. பாதி யூனிட்டுகள் மீட்கப்பட்டால், ஒருவர்கூடப் புதிதாக ஷார்ட் அடிக்காமலே சதவீதம் இரட்டிப்பாகும்.

8. அப்போ எல்லாரும் ஒரே நேரத்துல பணம் கேட்டா ஃபண்ட் காலியாயிடுமா?

ஆகாது. 2010-ல் அமெரிக்காவில் இந்தப் பயம் பெரிதாகப் பேசப்பட்டது. காஃப்மன் அறக்கட்டளையின் அறிக்கை ஒன்றும் ஷார்ட் குவிந்த இடிஎஃப்புகளைப் பற்றி எச்சரித்தது. எக்ஸ்ஆர்டிதான் அப்போதும் உதாரணம். ஆனால் மேலே உள்ள கணக்கையே பாருங்கள். ஃபண்ட் பொறுப்பேற்றது 100 யூனிட்டுக்கு மட்டும், அந்த 100-க்கான பங்குகள் அதன் பெட்டகத்தில் இருக்கின்றன. ஷார்ட் அடித்தவரால் புது யூனிட் உருவாவதில்லை. மீதி 200-ஐத் திருப்பித் தர வேண்டியவர்கள் 'ஆ'வும் 'ஈ'யும், இடையில் பிணையோடு நிற்பவர்கள் புரோக்கர்கள்.

மீட்க வேண்டுமென்றால் ஏபி அசல் யூனிட்டைக் கையில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடனில் போன யூனிட்டைக் கொண்டு மீட்க முடியாது. எல்லோரும் கேட்டால் கடன் திரும்ப அழைக்கப்படும், ஷார்ட் அடித்தவர்கள் சந்தையில் வாங்குவார்கள், அல்லது ஏபி வழியாகப் பங்குகளைக் கொடுத்துப் புது யூனிட் உருவாக்கி அடைப்பார்கள். இதில் ரிஸ்க் இருக்கிறது, ஆனால் அது புரோக்கர்களுக்கு இடையிலான ரிஸ்க். ஃபண்டின் பெட்டகத்தை அது தொடாது.

9. 2021-ல எக்ஸ்ஆர்டில என்னதான் நடந்துச்சு?

எக்ஸ்ஆர்டி அமெரிக்கச் சில்லறை வணிகக் கம்பெனிகளைக் கிட்டத்தட்டச் சம எடையில் வைத்திருக்கும் ஃபண்ட். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்ற அளவில்தான் தொடங்கும். கேம்ஸ்டாப்பும் அதில் ஒன்று. ஜனவரி தொடக்கத்தில் 20 டாலருக்கும் கீழே இருந்த அந்தப் பங்கு 28-ஆம் தேதி நடு வர்த்தகத்தில் 483 டாலரைத் தொட்டது. எடைகளை மீண்டும் சமமாக்கும் அடுத்த மறுசமன் நாள் வரும்வரை ஃபண்ட் அதைக் குறைக்காது, எனவே கேம்ஸ்டாப் மட்டுமே ஃபண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது. சில்லறை வணிக ஃபண்ட் என்று வாங்கியவர்கள் தங்களுக்குத் தெரியாமலே கேம்ஸ்டாப் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. கேம்ஸ்டாப்பை நேரடியாகக் கடன் வாங்குவது கடினமாகவும் செலவாகவும் இருந்ததால் சிலர் எக்ஸ்ஆர்டியை ஷார்ட் விற்றார்கள். கூடவே யூனிட்டுகள் பெருமளவில் மீட்கப்பட்டன. மீட்டால் உள்ளே இருக்கும் கேம்ஸ்டாப் பங்குகள் கைக்கு வரும் என்பதை ஒரு காரணமாகப் பலர் கருதினார்கள். சதவீதக் கணக்கில் மேலே உள்ள ஷார்ட் எண் ஏற, கீழே உள்ள யூனிட் எண் இறங்க, சதவீதம் நூறைப் பல மடங்கு தாண்டியது. ஃபண்ட் உடைந்ததா? இல்லை. விலை சொத்து மதிப்பை ஒட்டியே ஓடியது, மறுசமன் வந்ததும் எடை பழைய நிலைக்கு இறங்கியது.

10. ஒரு பங்கை மட்டும் இடிஎஃப் வழியா ஷார்ட் அடிக்க முடியுமாமே? எப்படி?

முடியும். இடிஎஃப்பை ஷார்ட் விற்றுவிட்டு, அதில் உள்ள பங்குகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வாங்கினால், மிஞ்சுவது அந்த ஒரு பங்கின் ஷார்ட். ஃபண்டில் அதன் எடை ஒரு சதவீதம் என்றால் இது வீண் வேலை. 20 சதவீதம் ஆகிவிட்டால் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகும்.

ஆகையால் ஒரு கம்பெனியின் ஷார்ட் எண்ணை மட்டும் பார்ப்பவர் முழுப் படத்தைப் பார்க்கவில்லை. ஆனால் இதிலிருந்து 'கோடிக்கணக்கான ஷார்ட்டை இடிஎஃப்பில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்' என்று தாவுவதும் தவறு. கேள்வி 6-ல் சொன்ன சாதாரண ஹெட்ஜும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. இரண்டையும் வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை.

11. மார்க்கெட் மேக்கர் கடன் வாங்காமலே விற்கிறாராம். அது சட்டவிரோதம்தானே? டெலிவரி ஆகாத யூனிட் பட்டியல்ல இடிஎஃப் ஏன் எப்பவும் மேல இருக்கு?

2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ரெகுலேஷன் எஸ்ஹெச்ஓ' படி, ஷார்ட் விற்கும் முன் கடன் கிடைக்கும் என்று புரோக்கர் உறுதிசெய்ய வேண்டும். உண்மையாகச் சந்தைக்கு இருபுறமும் விலை தரும் மார்க்கெட் மேக்கருக்கு அதில் விலக்கு உண்டு. அவர் ஒவ்வொரு ஆர்டருக்கும் கடன் தேடிப் போனால் சந்தை நின்றுவிடும்.

இடிஎஃப்பில் அவர் செய்வது இது. வாங்குபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர் யூனிட்டை விற்றுவிட்டு, உள்ளே இருக்கும் பங்குகளையோ ஃப்யூச்சரையோ (பின்னொரு நாளுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வாங்கித் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறார். விலை எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. புது யூனிட் உருவாக்க வேண்டும், ஆனால் அது கட்டுக் கணக்கு. 30,000 விற்றவர் 50,000 சேரும்வரை பொறுத்திருப்பார். அதற்குள் விற்பவர்கள் வந்துவிட்டால் உருவாக்கும் செலவே மிச்சம். ரிச்சர்ட் எவன்ஸ், ரபீ மூசாவி, மைக்கேல் பகானோ, ஜான் செடுனாவ் ஆகிய ஆய்வாளர்கள் இதை 'ஆபரேஷனல் ஷார்ட்டிங்' என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். ஷார்ட் இன்ட்ரஸ்ட்டிலும் டெலிவரி தவறியவற்றிலும் (விற்றும் குறித்த நாளில் ஒப்படைக்கப்படாதவை) இடிஎஃப் பெரிய இடம் பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மார்க்கெட் மேக்கரின் பார்வையில் இது வாங்குபவர்களால் உருவான ஷார்ட்.

காலக்கெடு இல்லாமல் இல்லை. 2024 மே 28 முதல் அமெரிக்காவில் செட்டில்மெண்ட் அடுத்த வேலை நாளிலேயே. சாதாரண ஷார்ட் டெலிவரி ஆகாவிட்டால் அதற்கடுத்த நாள் சந்தை திறக்கும்போதே வாங்கி அடைக்க வேண்டும், மார்க்கெட் மேக்கருக்குக் கூடுதலாக இரண்டு நாள். இது எனக்கு முழுத் திருப்தி தருகிற ஏற்பாடு அல்ல. நெருக்கடி நாளில் இப்படி நின்றுபோன டெலிவரிகள் நிறையக் குவிந்திருந்தால், ஒரு நிறுவனம் தடுக்கி விழுவது மற்றவர்களையும் இழுக்கும். அந்தக் கவலை நியாயமானது. 'இல்லாத யூனிட்டை விற்றுச் சந்தையை அழிக்கிறார்கள்' என்பது வேறு குற்றச்சாட்டு, அதற்கு இந்தப் பட்டியல் சாட்சி ஆகாது.

12. இவ்வளவு ஷார்ட் இருக்கிற இடிஎஃப்பை வாங்கி வெச்சா கேம்ஸ்டாப் மாதிரி ஸ்க்வீஸ் வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் ஸ்க்வீஸ், அதாவது ஷார்ட் அடித்தவர்கள் அவசரமாக வாங்க ஓடி விலை எகிறுவது, வருவது சரக்கு குறைவு என்பதால். இடிஎஃப்பில் விலை சொத்து மதிப்பைத் தாண்டிய உடனே ஏபிக்கள் புது யூனிட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எனவே ஷார்ட் இன்ட்ரஸ்ட்டை தினசரி வால்யூமால் வகுத்து 'அடைக்க எத்தனை நாள்' என்று பார்க்கும் கணக்கும் இங்கே பெரிதாக உதவாது.

புது யூனிட் உருவாக்குவது நின்றுபோனால் மட்டும் கதை மாறும். 2009-ல் இயற்கை எரிவாயு ஃபண்டான யூஎன்ஜி புது யூனிட் வெளியிடுவதை நிறுத்தியபோது விலை சொத்து மதிப்பிலிருந்து பிரிந்து மேலே போனது. 2012 பிப்ரவரியில், சந்தையின் பதற்றத்தை அளக்கும் குறியீட்டோடு இணைந்த டிவிஐஎக்ஸின் வெளியீட்டை கிரெடிட் சுவிஸ் வங்கி நிறுத்தியது. அது இடிஎஃப் அல்ல, இடிஎன் என்ற வகை; உள்ளே சொத்து இருக்காது, வங்கியின் வாக்குறுதி மட்டும்தான். இருந்தாலும் பாடம் ஒன்றுதான். மார்ச்சில் விலை அதன் மதிப்பை விட 80 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது, பிறகு இரண்டே நாளில் பெருமளவு இடிந்து விழுந்தது. ஷார்ட் அடித்தவர்களுக்கு முதலில் அடி, உச்சத்தில் வாங்கியவர்களுக்குப் பின்னால் அடி.

13. கணிப்பு சரியா இருந்தும் ஷார்ட் அடிச்சவர் மாட்டிக்கிறது உண்டா?

உண்டு. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது ரஷ்யப் பங்குகளின் ஃபண்டான ஆர்எஸ்எக்ஸ் சரிந்தது. ஷார்ட் அடித்தவர்களின் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மாஸ்கோ சந்தை மூடியது, புது யூனிட் உருவாக்குவது நின்றது, மார்ச் 4-ஆம் தேதி அமெரிக்காவிலும் அந்த ஃபண்டின் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. லாபத்தைக் கையில் எடுக்க யூனிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்கச் சந்தையே இல்லை. கடனோ திறந்தே இருந்தது, அதற்கான கட்டணமும் ஓடியது. கடைசியில் ஃபண்டையே கலைக்கும் முடிவு வந்தது.

ஷார்ட் என்பது திருப்பித் தர வேண்டிய கடன். வெளியே வரும் வழியை யோசிக்காமல் உள்ளே போகக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

14. என் கணக்குல இருக்கிற யூனிட்டை எனக்குச் சொல்லாமலே கடன் கொடுத்துடுவாங்களா?

கேஷ் கணக்கு என்றால் உங்கள் சம்மதம் வேண்டும். மார்ஜின் கணக்கில் கடன் வாங்கியிருந்தால், கணக்கு திறக்கும்போது போட்ட கையெழுத்திலேயே சம்மதம் அடங்கியிருக்கிறது. 10,000 டாலர் மார்ஜின் கடன் இருந்தால் 14,000 டாலர் மதிப்பு வரை அவர்கள் எடுத்துக் கடன் கொடுக்கலாம்.

விற்க நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், அதில் தடையில்லை. ஒரே ஒரு இடத்தில் கை கடிக்கும்: கடனில் போன யூனிட்டுக்கு உங்களுக்கு வருவது டிவிடெண்ட் அல்ல, அதற்குப் பதிலான தொகை (கேள்வி 3). டிவிடெண்டுக்கு உள்ள குறைந்த வரி விகிதம் அதற்குக் கிடைக்காது.

15. ஃபண்டே உள்ளே இருக்கிற பங்குகளைக் கடன் கொடுக்குதாமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. கேள்வி 14-ல் கடன் போவது இடிஎஃப் யூனிட். இங்கே கடன் போவது ஃபண்டுக்குள் இருக்கும் ஆப்பிள், டெஸ்லா போன்ற பங்குகள். அமெரிக்க ஃபண்டுகள் மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படிக் கொடுக்கலாம், பிணை வாங்கிக்கொண்டு. வரும் கட்டணம் ஃபண்டுக்குச் சேரும். எவ்வளவு சேர்கிறது, நிர்வாகம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை ஆண்டறிக்கையில் பார்க்கலாம். எஸ்பிஒய் பழைய டிரஸ்ட் அமைப்பில் இருப்பதால் அதற்கு இந்த வேலையே அனுமதி இல்லை.

16. கடன், மார்ஜின் தலைவலி எதுக்கு? இன்வெர்ஸ் இடிஎஃப் வாங்கிட்டா ஷார்ட் மாதிரிதானே?

ஒரு நாளைக்கு மட்டும் ஷார்ட் மாதிரி. 2006-ல் வந்த எஸ்ஹெச் போன்றவை குறியீட்டின் அன்றாட நகர்வுக்கு நேர் எதிராக ஓடுமாறு தினமும் சரிசெய்யப்படுகின்றன. குறியீடு 100-லிருந்து 110 போய், அடுத்த நாள் 10 சதவீதம் இறங்கி 99 ஆகிறது. இன்வெர்ஸ் முதல் நாள் 90, அடுத்த நாள் 10 சதவீதம் ஏறி 99. இரண்டுமே ஒரு சதவீதம் நஷ்டம். நேரடியாக ஷார்ட் விற்றவருக்கோ ஒரு டாலர் லாபம்.

அதன் நல்ல பக்கம், போட்ட பணத்துக்கு மேல் நஷ்டம் வராது. ஷார்ட் விற்க முடியாத ஐஆர்ஏ ஓய்வுக் கணக்கிலும் வாங்கலாம். ஓரிரு நாள் பாதுகாப்புக்குச் சரி. மாதக்கணக்கில் வைத்திருக்க ஏற்றதல்ல.

17. அப்போ மூணு மடங்கு இடிஎஃப் தானா தேயும்னு சொல்றாங்களே, அதை ஷார்ட் அடிச்சா சுலபமான காசுதானே?

ஏறி இறங்கும் சந்தையில் தேயும். ஒரே திசையில் ஓடும் சந்தையில் நேர்மாறு. குறியீடு ஐந்து நாள் தொடர்ந்து 2 சதவீதம் ஏறினால் மொத்தம் 10.4. மூன்று மடங்கு ஃபண்ட் தினம் 6 சதவீதமாக ஏறி 33.8 சதவீதம் ஆகியிருக்கும். கேள்வி 3-ல் 15 சதவீதத்திலேயே மார்ஜின் கால் வந்ததே, இத்தகைய ஃபண்டுகளுக்கு மார்ஜின் தேவை அதைவிட அதிகம். கடன் கட்டணமும் அதிகம். தேய்மானம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆகவே அதன் பெரும்பகுதியை அந்தக் கட்டணமே தின்றுவிடும்.

18. சந்தை விழும்போது அரசாங்கம் ஷார்ட்டைத் தடை பண்ணினா இடிஎஃப்புக்கும் அதுதானா?

2008-ல் அப்படி இல்லை. லேமன் வங்கி விழுந்த வாரம், செப்டம்பர் 19 அன்று ஏறக்குறைய 800 நிதித்துறைப் பங்குகளை ஷார்ட் விற்க அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்கமைப்பான எஸ்இசி தடை போட்டது. அக்டோபர் 8 வரை அது நீடித்தது. நிதித்துறை இடிஎஃப்புகள் அந்தப் பட்டியலில் இல்லை. வங்கிப் பங்கை விற்க முடியாதவர்களுக்கு நிதித்துறை இடிஎஃப்பான எக்ஸ்எல்எஃப் திறந்தே இருந்தது.

இப்போதுள்ள தடுப்பு இரண்டுக்கும் பொது. ஒரு பங்கோ இடிஎஃப்போ முந்தைய நாள் முடிவிலிருந்து 10 சதவீதம் விழுந்தால், அன்று மீதி நேரமும் மறுநாளும், வாங்குவோர் கேட்கும் உச்ச விலைக்கு மேல்தான் ஷார்ட் விற்கலாம். 2010-ல் கொண்டுவந்த விதி இது.

19. எஸ்பிஒய் நல்ல லாபத்துல இருக்கு. விற்காம, அதையே ஷார்ட் போட்டு வரியைத் தள்ளிப்போடலாமா?

1997-க்கு முன் பலர் அதைச் செய்தார்கள். அந்த ஆண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு, கையில் இருக்கும் அதே பொருளை ஷார்ட் விற்றால் விற்றதாகவே கருதி வரி போடுவார்கள். விதிவிலக்குகள் குறுகியவை. வேறொரு ஃபண்ட், ஆனால் அதே குறியீடு என்று போகிறவர்கள் முதலில் வரிக் கணக்காளரைப் பாருங்கள்.

20. நான் சென்னையில இருக்கேன். இங்கிருந்து அமெரிக்க இடிஎஃப்பை ஷார்ட் அடிக்கலாமா? இந்திய இடிஎஃப்பை?

அமெரிக்க இடிஎஃப் முடியாது. இந்தியாவில் வசிப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆனால் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் கட்டவோ மார்ஜின் காலுக்கோ அனுப்பக் கூடாது. மார்ஜின் இல்லாமல் ஷார்ட் இல்லை என்பதைக் கேள்வி 3-ல் பார்த்தோம். யாராவது வழி இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தியாவில் கடன் வாங்காமல் ஷார்ட் விற்று நிலையைத் தொடர செபி அனுமதிப்பதில்லை. கடன் வாங்க எஸ்எல்பி என்ற ஏற்பாடு 2008 ஏப்ரலில் வந்தது. சில்லறை முதலீட்டாளர்கள் அதை அரிதாகவே தொடுகிறார்கள். அன்றைக்கே விற்று அன்றைக்கே வாங்கும் இன்ட்ராடே ஷார்ட்டைப் பல புரோக்கர்கள் இடிஎஃப்பிலும் தருவார்கள். ஆனால் இங்கே நிறைய இடிஎஃப்புகளில் வால்யூம் குறைவு. மாலைக்குள் திரும்ப வாங்க ஆள் கிடைக்காவிட்டால் டெலிவரி தவறி ஏலத்துக்குப் போகும், ஏல விலையை நீங்கள் தீர்மானிக்க முடியாது. நிஃப்டி இறங்கும் என்று நினைப்பவர்களும், கையிருப்பைப் பாதுகாக்க நினைப்பவர்களும் அதனால்தான் நிஃப்டி ஃப்யூச்சருக்கோ புட் ஆப்ஷனுக்கோ போகிறார்கள். பாதுகாப்புக்கு என்றால் புட் வாங்குவதையே நான் சொல்வேன். கட்டிய பிரீமியத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகாது.